பெரிய வீட்டுப் பையனும் மாட்டுக்காரர் மகளும்: 1931-இன் ஒரு ஷாங்ஹாய் ஊமைப் படம்

பணக்காரப் பையன், ஏழைப் பெண், நடுவில் பையனுடைய அம்மா. இதை வைத்து உலகம் முழுக்க எத்தனை படம் வந்திருக்கும் என்று கணக்கெடுக்கவே முடியாது. அதனால் 1931-இல் ஷாங்ஹாயில் எடுத்த ஒரு ஊமைப் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன், அதுவும் இதே கதைதான் என்று சொன்னால் பாதிப் பேர் இந்த வரியோடு கிளம்பிவிடுவீர்கள். கிளம்புங்கள், தப்பில்லை. மீதிப் பேருக்குச் சொல்கிறேன். படத்துக்கு ஆங்கிலத்தில் 'தி பீச் கேர்ள்' என்று பெயர் (பீச் என்றால் இங்கே கடற்கரை இல்லை, பழ மரம்). சீனத் தலைப்போ பீச் பூ ரத்தக் கண்ணீர் விடுகிறது என்கிறது (தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுவதில் அப்போது யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை). இயக்குநர் பூ வான்ட்சாங், தயாரிப்பு லியன்ஹுவா கம்பெனி, நாயகி ருவான் லிங்யூ, நாயகன் ஜின் யான். இணையத்தில் தேடினால் கிடைக்கும், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

கதை இதுதான். நகரத்தில் ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பம். அவர்களுடைய மாடுகளைக் கிராமத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் ஒரு குடியானவர். அவருக்குப் பெண் குழந்தை பிறக்கிறது, கூடவே ஒரு பீச் மரமும் நடப்படுகிறது, இரண்டும் சேர்ந்து வளர்கின்றன. மரம் பூத்து நின்றால் பெண் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். மரத்துக்கு ஏதாவது ஆகிறது என்றால் நமக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். பெண்ணின் பெயர் லின்கு. பெரிய வீட்டுப் பையன் தெயென் சின்ன வயதில் அவளோடு விளையாடியவன். வளர்ந்தபின் மறுபடியும் சந்திக்கிறார்கள், அப்புறம் என்ன, காதல்தான். அவளை நகரத்துக்கு அழைத்துப் போகிறான், நாகரிகமான உடைகள் வாங்கித் தருகிறான், இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். அம்மாவுக்கு விஷயம் போகிறது. பையன் வீட்டில் அடைபடுகிறான், பெண் வயிற்றில் பிள்ளையோடு அப்பாவிடம் திரும்புகிறாள். குழந்தை பிறக்கிறது, அவள் படுக்கையில் விழுகிறாள், அவன் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிகிற நிலைக்கு வந்துவிடுகிறது. அவள் போனபின் அம்மா மனம் மாறி அவளை மருமகளாக ஏற்றுக்கொள்கிறார்.

இப்படி எழுதிப் பார்த்தால் படம் வெறும் அழுகைப் படம் மாதிரிதான் தெரிகிறது. அந்தக் காலத்துச் சீனாவில் இந்த வகைக் காதல் கதைகளைத் தொடராகப் போடும் பத்திரிகைகளே தனியாக இருந்தன, 'மாண்டரின் வாத்தும் வண்ணத்துப்பூச்சியும்' என்று அந்த இலக்கியத்துக்கு ஒரு கேலிப் பெயரும் உண்டு, ஜோடி ஜோடியாகத் திரிவதால். பூ வான்ட்சாங் அந்த மரபை நன்றாக அறிந்தவர். ஆனால் பார்க்கும்போது எனக்குக் கண்ணில் பட்டது காதலைவிட வரவு செலவுதான். யாருடைய சோறு யார் கையில் இருக்கிறது என்பதை இந்தப் படம் மறக்கவே விடுவதில்லை. லின்குவின் அப்பா மேய்க்கும் மாடு அவருடையது இல்லை. அதனால் அந்த அம்மாள் 'என் பையனை விட்டுவிடு' என்று சொல்லும்போது அது ஒரு தாயின் கோபம் மட்டும் இல்லை, முதலாளியின் உத்தரவும்கூட. மறுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த அப்பாவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் பையன். தெயென் நல்லவன், படம் முழுக்க நல்லவன், அவன் காதலில் பொய்யே கிடையாது. ஆனால் அவன் அவளுக்கு வாங்கித் தரும் உடையும் குடிவைக்கும் வீடும் அம்மாவின் பணம். அந்தப் பணத்தின் சொந்தக்காரி ஒரு நாள் கதவைத் தட்டியதும் அவனிடம் இருந்த எல்லாமே போய்விடுகிறது, கொஞ்சம் கண்ணீரும் கொஞ்சம் உறுதிமொழியும்தான் மிச்சம். வர்க்கம் தாண்டிய காதல் கதைகளில் பணக்காரக் காதலன் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு வருவான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். தூக்கி எறிய அவன் பெயரில் முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே. இந்தப் படத்தில் வில்லி என்று அம்மாவைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பையன்மேல்தான் அதிக எரிச்சல் வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால்கூட லின்குவுக்குத் தப்பிக்க வழி இருந்திருக்கும், முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

ஜின் யான் இதற்குச் சரியான ஆள். அவர் சீனரே இல்லை, கொரியர். சியோலில் பிறந்தவர். அப்பா மருத்துவர், கொரிய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டிருந்தவர். ஜப்பானியர் கொரியாவைப் பிடித்துக்கொண்ட பிறகு குடும்பம் சீனாவுக்கு வந்துவிட்டது. அங்கே வளர்ந்து சினிமாவுக்குள் நுழைந்து, முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வாசகர் வாக்கெடுப்பில் 'திரைப்படச் சக்கரவர்த்தி' என்று பட்டம் வாங்கினார். உயரம், விளையாட்டு வீரர் உடம்பு, கள்ளமில்லாத சிரிப்பு. ஊமைப் படம் என்பதால் அவருடைய பேச்சில் கொரியச் சாயல் இருந்ததா என்று யாருக்கும் கவலை இல்லை. அந்தச் சிரிப்பை நம்பித்தான் லின்கு ஊரை விட்டுக் கிளம்புகிறாள், பார்க்கிற நாமும் நம்பிவிடுகிறோம்.

ருவான் லிங்யூவைப் பற்றி என்ன எழுதினாலும் பழசாகிவிடும், அவ்வளவு பேர் எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஒன்று. ஊமைப் பட நடிப்பு என்றதும் நமக்குக் கண்ணை உருட்டுவதும் நெஞ்சில் கை வைப்பதும்தான் ஞாபகம் வரும். இவர் அதையெல்லாம் கொஞ்சம்தான் செய்கிறார். ஒரு செய்தியைக் கேட்டால் முதலில் முகத்தில் ஒன்றுமே நடப்பதில்லை, உடம்பு மட்டும் ஒரு கணம் நின்றுபோகிறது, அதற்குப் பிறகுதான் கண்ணுக்கு வருகிறது. நாட்டுப்புறப் பெண்ணாக வரும் பகுதியில் உடம்பைப் பற்றி நினைப்பே இல்லாமல் நடமாடுகிறவர், நகரத்து உடைக்குள் போனதும் அளந்து அளந்து அசைகிறார். உடை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கடன் வாங்கிய உடை என்று அவர் தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்னால் அவரை வைத்து 'தேவி' எடுத்த வூ யோங்காங், இவரைச் சட்டென்று ஒளியை வாங்கிக்கொள்ளும் ஃபிலிம் சுருளோடு ஒப்பிட்டாராம், சரியான பேச்சு.

கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம். லியன்ஹுவா 1930-இல் உருவானது. வட சீனாவில் திரையரங்குகளை வைத்திருந்த லுவோ மிங்யூ, வேறு சில சின்னக் கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார். அப்போது ஷாங்ஹாயின் நல்ல தியேட்டர்களில் எல்லாம் ஹாலிவுட் படம்தான் ஓடும். உள்நாட்டுப் படம் என்றால் பறந்து பறந்து வாள் வீசும் சண்டைப் படம், பேய்ப் படம் என்று படித்தவர்களுக்கு ஒரு இளக்காரம். அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும், சீனப் படத்துக்கு மரியாதை வாங்கித் தர வேண்டும் என்பது லியன்ஹுவாவின் ஆசை. அதனால்தான் காதல், குடும்பம், சமூகம் என்று நவீன விஷயங்களைத் தொட்டார்கள். காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகளைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் சேர்த்துப் போட்டார்கள், இன்று நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

1931 என்றால் அமெரிக்காவில் ஊமைப் படம் கிட்டத்தட்ட செத்துவிட்டது. சீனாவில் முதல் பேசும் படம் அதே வருடம்தான் வந்தது, அதுவும் இசைத்தட்டில் ஒலியைப் பதிந்து படத்தோடு சேர்த்து ஓட்டியது. கருவிகள் விலை அதிகம், தியேட்டர்களை மாற்ற வேண்டும், அதைவிட எந்தச் சீன மொழியில் பேசுவது என்ற குழப்பம். ஷாங்ஹாய்க்காரர் ஒன்று பேசுவார், கான்டனீஸ் பேசுபவர் இன்னொன்று, அரசு மாண்டரின் வேண்டும் என்கிறது. ருவான் லிங்யூவின் குடும்பமே கான்டனீஸ் பேசுவது. ஆகவே முப்பதுகளின் நடுப்பகுதி வரை ஊமைப் படங்கள் அங்கே தாராளமாக வந்துகொண்டிருந்தன, கலையாகப் பார்த்தால் அவர்களுடைய சிறந்த ஊமைப் படங்கள் அந்தக் கடைசி வருடங்களில்தான் வந்தன.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இந்தப் படம் தைவானுக்குப் போன கதை.

தைவான் அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஊமைப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைச் சொல்லி, எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே குரல் கொடுக்கும் ஆட்கள் ஜப்பானில் இருந்தார்கள், பென்ஷி என்பார்கள், தைவானிலும் அதே வழக்கம். (நம் ஊர்க் கொட்டகைகளிலும் ஊமைப் படத்துக்குக் கதை சொல்லும் ஆள் இருந்தார், அவர் வாய் வன்மையைப் பொறுத்துத்தான் அன்றைக்கு வசூல்.) 1932-இல் பீச் பெண் அங்கே திரையிட வந்தபோது, கூட்டம் சேர்க்க என்ன செய்யலாம் என்று யோசித்து, படத்துக்கே ஒரு பாட்டு எழுதிவிட்டார்கள். ஊமைப் படத்துக்குப் பாட்டு! எழுதியவர் ஜான் தியென்மா, இசை வாங் யுன்ஃபெங், இருவருமே பென்ஷிகள். மேளக்காரர்கள் தெருத் தெருவாக வாசித்துக்கொண்டு போனார்கள். பாட்டு அப்படியே ஊரெல்லாம் பரவியது, கொலம்பியா இசைத்தட்டாக வந்தது. தைவானின் தாய்மொழிப் பாப் பாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வரிகளைப் படித்துப் பார்த்தேன், படத்தைவிட நேரடியாகப் பேசுகின்றன. மனித வாழ்க்கை பீச் கிளையைப் போல, ஒரு சமயம் பூக்கும், ஒரு சமயம் வாடும். பூவுக்கு மறுபடியும் வசந்தம் வரும், மனிதன் போனால் போனதுதான் என்று ஆரம்பிக்கிறது. அதுவரைக்கும் வழக்கமான தத்துவம். அப்புறம் எடுத்த எடுப்பில், காதலுக்கு வர்க்க பேதம் கிடையாது, உண்மையான மனம்தான் முக்கியம் என்கிறது. லின்கு, தெயென் பெயரெல்லாம் வந்து, கதை முழுவதையும் சொல்லி, தெயெனின் அம்மா காலத்துக்கு ஒவ்வாதவர் என்று திட்டி, கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டு எச்சரிக்கிறது: பழைய சம்பிரதாயத்தைத் தூக்கிப் போடுங்கள். உடனே அடுத்த மூச்சில், அப்படிச் செய்யாததால் என்ன ஆயிற்று? படத்தைப் பாருங்கள்! சமூகச் சீர்திருத்தமும் டிக்கெட் விற்பனையும் ஒரே பாட்டில். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்த விளம்பரப் பாட்டைக் கேட்டுத்தான் எத்தனையோ வீடுகளில் 'காதல் சுதந்திரம்' என்ற பேச்சே முதன்முதலில் நுழைந்திருக்கும்.

பாடியவர் சுன்சுன் என்ற பெண். அதற்கு முன் தெருக்கூத்து போன்ற உள்ளூர் இசை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். அவரே ஒரு பல்கலைக்கழக மாணவரைக் காதலித்தார் என்றும், நாடகக்காரி எங்கள் வீட்டுக்கு மருமகளா என்று மாணவர் வீட்டில் மறுத்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். காதலுக்கு வர்க்க பேதம் இல்லை என்று தெருத் தெருவாகப் போய்ச் சேர்ந்த குரல் அவருடையது. 1943-இல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். பாட்டு எழுதிய ஜான் தியென்மா பின்னாளில் தைபேயில் தன் பெயரிலேயே ஒரு தேநீர்க் கடை வைத்தார். 1947 பிப்ரவரி 27 அன்று அந்தக் கடை வாசலில், கள்ளச் சிகரெட் விற்ற ஒரு பெண்ணை அதிகாரிகள் அடித்ததில்தான் தைவான் வரலாற்றையே புரட்டிப் போட்ட '228' (அதாவது பிப்ரவரி 28) கலவரம் பற்றிக்கொண்டது. அது வேறு கதை, ஆனால் தேடிக்கொண்டே போனால் ஒரு சினிமாப் பாட்டுக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறோம், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, ருவான் லிங்யூவுக்கு வருவோம். இவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு அனுபவம், தெரியாமல் பார்ப்பது வேறு. இரண்டுக்கும் இடம் உண்டு என்று நினைப்பவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போய்விட்டுப் படம் பார்த்தபின் திரும்பி வரலாம்.

1910-இல் ஷாங்ஹாயில் பிறந்தார். அப்பா ஒரு எண்ணெய்க் கம்பெனியில் தொழிலாளி, மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஜாங் என்ற பணக்காரக் குடும்பத்தில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். மகளை ஒரு நல்ல பெண்கள் பள்ளியில் படிக்கவும் வைத்தார். அந்த வீட்டுக் கடைக்குட்டி மகன் ஜாங் டாமின் வேலைக்காரியின் மகளைக் காதலித்தான். பையனுடைய அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. முறையான கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பதினாறு வயது இருக்கும்போதே இருவரும் சேர்ந்து வாழ ஆரம்பித்துவிட்டார்கள்.

கவனியுங்கள், இதுவரைக்கும் 'பீச் பெண்' கதைதான். ஆனால் இது நடந்தது படத்துக்கு ஐந்தாறு வருடம் முன்னால். 1926-இல் மிங்ஷிங் கம்பெனி புதுமுகம் தேடுகிறது என்று தகவல் சொன்னவர் அந்த ஜாங் வீட்டு மூத்த மகன்களில் ஒருவர், அவரே சினிமாக்காரர். நேர்முகத் தேர்வில் ருவான் லிங்யூவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இயக்குநர் வேறு யாரும் இல்லை, பூ வான்ட்சாங். முதல் படத்தில் விருப்பமில்லாத கல்யாணத்தில் மாட்டிய பெண்ணாக நடிக்க வைத்தவரும் அவரே. ஆக 1931-இல் 'பெரிய வீட்டுப் பையன், கீழ் வீட்டுப் பெண், சம்மதிக்காத அம்மா' என்ற காட்சிகளை எடுக்கும்போது அந்த நடிகைக்கு யாரும் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

வித்தியாசம் என்னவென்றால், நிஜத்தில் பெண் சாகவில்லை, நட்சத்திரமாகிவிட்டார். பணம் யார் கையில் என்ற கணக்கு தலைகீழாக மாறியது. ஜாங் டாமினுக்குச் சூதாட்டம், பங்கு வந்த சொத்தெல்லாம் கரைந்தது, பிறகு அவள் சம்பளத்தில் பிழைப்பு. 1933-இல் ஒருவழியாகப் பிரிந்தபோது வழக்கறிஞர்களை வைத்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். ருவான் லிங்யூ மாதம் 100 யுவான் வரைக்கும் ஜாங்குக்குக் கொடுத்து உதவ வேண்டும், அதிகபட்சம் இரண்டு வருடம். வேலைக்காரியின் மகள் பெரிய வீட்டுப் பையனுக்கு மாதப்படி கொடுக்கிறாள்! எந்தக் கதாசிரியரும் அப்போது இப்படி ஒரு காட்சி எழுதியிருக்க மாட்டார், எழுதினால் தயாரிப்பாளர் அடித்துவிடுவார்.

அப்புறம் நடந்தது ஷாங்ஹாய் பத்திரிகைகளுக்குப் பெரிய தீனி. ருவான் லிங்யூ தாங் ஜிஷான் என்ற பணக்காரத் தேயிலை வியாபாரியோடு வாழத் தொடங்கினார், அவரோ ஏற்கெனவே மணமானவர். மாதப்படி நின்றுபோகிற நேரம் நெருங்கியதும் ஜாங் டாமின் நீதிமன்றத்துக்குப் போனார், கள்ளத் தொடர்பு, திருட்டு என்று புகார். பத்திரிகைகள் விடவில்லை. அதே சமயத்தில் வெளிவந்த 'புதுப் பெண்கள்' படத்தில், தற்கொலை செய்துகொண்ட ஒரு நடிகையின் வாழ்க்கையை ஒட்டிய பாத்திரத்தில் ருவான் நடித்திருந்தார், அதில் நிருபர்களை மோசமாகக் காட்டியதால் பத்திரிகைக்காரர்களுக்கு வேறு கோபம். நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், 1935 மார்ச் 8, ருவான் லிங்யூ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது இருபத்து நான்கு. அன்று மகளிர் தினம்.

ஊர் வாய் பயங்கரமானது என்று அவர் எழுதி வைத்ததாக ஒரு கடிதம் பிரசித்தம். அது அவர் கையெழுத்துதானா, தாங் எழுதியதா என்று இன்றும் தகராறு. புகழ்பெற்ற சீன எழுத்தாளர் லு சூன் அந்தச் சொற்களையே எடுத்துக்கொண்டு அதே வருடம் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய இடத்து ஆட்கள் முன்னால் பத்திரிகைகளுக்குப் பல் கிடையாது, ஆனால் இப்படி எதிர்க்க வழியில்லாத ஒரு பெண் கிடைத்தால் போதும், அப்போது அவர்களுக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள் என்பது அதன் சாரம். இறுதி ஊர்வலத்துக்கு ஷாங்ஹாய் தெருவெல்லாம் கூட்டம். உயிரோடு இருந்தபோது கிசுகிசு வாங்கிப் படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

1991-இல் ஸ்டான்லி குவான் இவர் வாழ்க்கையை 'சென்டர் ஸ்டேஜ்' என்று எடுத்தார், மேகி சியுங் ருவானாக நடித்து பெர்லினில் சிறந்த நடிகை விருது வாங்கினார். ருவானின் அசல் படத்துண்டுகளையும் அதில் சேர்த்திருப்பார்கள். பார்க்காதவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் முதலில் ருவானின் சொந்தப் படம் ஒன்றையாவது பார்த்துவிட்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு 'பீச் பெண்'ணின் முடிவுக்குத் திரும்பிப் போனால்தான் எனக்கு அந்த முடிவின்மேல் கோபம் வருகிறது. அம்மா வருகிறார், அழுகிறார், தவறை உணர்கிறார், இவள் என் மருமகள் என்கிறார். எப்போது? அவளுக்கு அந்த வீட்டில் ஒரு நாற்காலிகூடப் போட வேண்டியதில்லை என்று ஆன பிறகு. சொத்தில் பங்கு, சமையலறையில் சண்டை, விருந்தாளிகள் முன்னால் சங்கடம், எதுவும் இல்லை. மிஞ்சிய குழந்தை அவர்கள் ரத்தம், அதைச் சேர்த்துக்கொள்வதில் பிரச்சினை கிடையாது. செத்துப்போன ஏழை மருமகளை ஏற்றுக்கொள்வது மாதிரி மலிவான பெருந்தன்மை உலகத்திலேயே கிடையாது. அந்தக் காலத்து ரசிகர்கள் அந்த இடத்தில் அழுதிருப்பார்கள், எனக்கும் தொண்டை அடைத்தது, அடைத்ததற்காகவே கூடுதல் கோபம்.

இயக்குநருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? பாதி தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது. பழியை மரத்தின்மேல் போடுகிறார் பாருங்கள். பூ உதிர்வது இயற்கை, விதி, யாரும் காரணம் இல்லை என்று ஒரு பக்கம் காட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் மாடு யாருடையது, வீட்டு வாடகை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் ஒன்று விடாமல் காட்டிவிடுகிறார். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று பார்வையாளர் முடிவுசெய்துகொள்ளட்டும். தணிக்கை, முதலாளிகள், தியேட்டர்காரர்கள் என்று எல்லாரையும் சமாளிக்க வேண்டிய கம்பெனியில் அவரால் அதற்குமேல் போக முடிந்திருக்குமா என்பதும் கேள்விதான். இரண்டு மூன்று வருடத்துக்குள் அதே லியன்ஹுவாவில் இடதுசாரிகள் கை ஓங்கி, பேச்சு இன்னும் வெளிப்படையாகிவிட்டது. ஆனால் அந்தப் படங்களில் சிலவற்றில் பிரசங்கம் கொஞ்சம் தூக்கல். 'பீச் பெண்' கொஞ்சம் கோழைத்தனமான படம், ஆனால் கண் கூர்மையான படம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பிரதி பழையது, சில இடங்களில் முகம் வெளிறிப்போய்த் தெரியும். இணையத்தில் உள்ள சில பிரதிகளில் யாரோ ஏதோ பியானோவைச் சேர்த்திருக்கிறார்கள், காட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றால் சத்தத்தை அணைத்துவிடுவது மேல். முதல் கால் மணி நேரம் மெதுவாகப் போகும், பிறப்பு, மரம், குழந்தைகள் என்று. பொறுத்துக்கொள்ளுங்கள், ருவான் வந்தபின் நேரம் போவது தெரியாது. அந்தத் தைவான் பாட்டையும் தேடிக் கேளுங்கள். சுன்சுனின் பழைய இசைத்தட்டுப் பதிவு இரைச்சலோடு கிடைக்கிறது, எழுத்து அட்டைகளில் படித்த கதையை ஒரு பெண் குரல் சொல்லிக் கேட்பது தனி ருசி.

ருவான், ஜின் யான் ஜோடியின் படங்களில் எல்லாமே கிடைக்கவில்லை. 1930-இல் சுன் யூ இயக்கிய 'காட்டுப் பூ' இருவரையும் சேர்த்து வைத்த முதல் வெற்றி, அதிலும் பணக்காரப் பையனும் ஏழைப் பெண்ணும்தான், இருவருமே பாடிய ஒரு பாட்டை இசைத்தட்டில் பதிந்து காட்சியின்போது ஓட்டினார்களாம். அந்தப் படமே இப்போது இல்லை. 'காதலும் கடமையும்' அதிர்ஷ்டம் செய்தது. பூ வான்ட்சாங்கே அதே 1931-இல் இதே இருவரை வைத்து எடுத்த அந்தப் படம் பல காலம் தொலைந்துபோனதாகவே கணக்கு, தொண்ணூறுகளில் உருகுவேயில் ஒரு பிரதி கிடைத்து தைபே ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ஷாங்ஹாய்ப் படம் உருகுவே வரை எப்படிப் போயிற்றோ. அதில் ருவான் இளம்பெண்ணில் தொடங்கி வயதான அம்மா வரைக்கும் வருகிறார் என்பதால் அடுத்து அதைத்தான் எழுத வேண்டும். இரண்டரை மணி நேரப் படம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் பார்த்துவிடுவேன்.